16 ஜிபி ரேமும் அண்ணனோட கீபோர்டும்

9 பிப்., திங்கள்

வந்துருச்சு வந்துருச்சு, நமக்குப் புடிச்ச போன் கம்பெனியோட புது ஃபிளாக்ஷிப் போன் ஸ்பெக் முழுசா லீக் ஆயிருச்சு, ஆரம்ப மாடல்ல வெறும் 12 ஜிபி ரேம்!!!

பன்னெண்டு. போன வருசம் 16. வெல மட்டும் அதே வெல.

காலைல நல்ல பனி. பல்லு வெளக்கிக்கிட்டே பாத்தேன். பேஸ்ட்ட முழுங்கிட்டேன்.

அவய்ங்க சொல்ற சாக்கு: மெமரி சிப் எல்லாம் ஏஐ சர்வருக்குப் போயிருதாம், கெடைக்கலயாம், வெல ஏறிப்போச்சாம். சரி, அதுக்கு நாங்க என்ன பண்றது? கேமராவச் சுத்தி தங்கக் கலர்ல வளையம் போட மட்டும் வழி இருக்கோ?

நான் அட்மினா இருக்குற போன் ரசிகர் குரூப்ல (இப்ப 412 பேரு) ஒரே பதிவு. "16க்குக் கீழ இருந்தா அதுக்குப் பேரு ஃபிளாக்ஷிப்பே இல்ல. ஒருத்தனும் வாங்காதீங்க." பஸ்ஸு காலேஜ் போய்ச் சேர்றதுக்குள்ள 90 லைக். "கரெக்ட் ப்ரோ." "தீ ப்ரோ." நான் பொண்ணுன்னு இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிய வேணாம். தெரிஞ்சா ரேமப் பத்திப் பேச மாட்டாய்ங்க, "சாப்டியா"ன்னு கேப்பாய்ங்க.

தேனிப் பையன் ஒருத்தன் மட்டும்: "ப்ரோ, 16 எதுக்கு? உங்களுக்கு எதுல பத்தல?"
நான்: "நாளைக்கு வர்ற ஏஐக்கு வேணும்ல."
அவன்: "நாளைக்கு வர்றதுக்கு நாளைக்கு வாங்கிக்கலாம்ல ப்ரோ."
மியூட். ஒரு வாரம்.

ரெக்கார்ட் நோட் இன்னும் முடிக்கல. புதன் கடைசி நாள்.

சாயந்தரம். பிரின்ஸ் அண்ணன் மூஞ்சி சனிக்கெழமைல இருந்தே சரியில்ல. காசுக்கு ஒத்துக்கிட்ட வத்தலக்குண்டு கல்யாணத்துல போன வச்சு யூட்யூப் லைவ் விட்டுக்கிட்டு இருந்திருக்கான், கரெக்டா தாலி கட்டுற நேரம் கட். நாலு நிமிசம். மாப்ளையோட அக்கா குவைத்துல லீவு போட்டு உக்காந்து பாத்துச்சாம். அது பாத்தது ஒரு வட்டம் சுத்துறத மட்டும். மாப்ள வீட்டு மாமா எல்லார் முன்னாடியும், "ஏம்ப்பா, எல்லாம் காமிச்ச, மேளக்காரரக் காமிச்ச, பாயாச வாளியக் காமிச்ச, தாலிய மட்டும் ஒளிச்சு வச்சுக்கிட்டியா?"

அண்ணன் என்னட்டக் கேட்டான். "இதுக்கு ரேம் பத்தாததுதான் காரணமா?"

"வேற என்ன? ரெண்டு வருசத்துக்கு முந்தியே 16 எடு, 16 எடுன்னு கத்துனேன். நீதான் 12 போதும்ன. பத்தலன்னா ஆப்பத் தூக்கி வெளிய போட்ரும்."

செத்த நேரம்கூட யோசிக்கல. படக்குன்னு சொன்னேன்.

10, செவ்வாய்

புதன்கிழம ரெக்கார்ட் நோட் வேணாமாம், வெள்ளிக்குத் தள்ளிட்டாங்க. கும்பிடு.

அடுத்த லைவ் இந்தச் சனி, சிறுமலைல. தவக்காலம் ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிச்சுரணும்னு அவசரமா வச்ச கல்யாணம். பொண்ணோட அப்பா தோஹாவுல. லீவு குடுக்கலயாம். அவரே அண்ணனுக்குப் போன் அடிச்சாரு, அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டிருந்தான்.

"தம்பி, எனக்கு ஒரே புள்ள. நான் பாக்கப் போறது உன் போன்லதான். கட் ஆகாமப் பாத்துக்கப்பா. வத்தலக்குண்டு சங்கதி கேள்விப்பட்டேன், அதான் கூப்ட்டேன்."

அண்ணன் போன வச்சுட்டு, கோயில்ல பாட்டுக்கு வாசிக்கிற அவன் கீபோர்டப் பாத்தான். எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு.

போன வருச மாடல், 16 ஜிபி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைல ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்காம். கீபோர்ட வித்தா வாங்கிரலாம். போட்டோ எடுத்து ஆன்லைன்ல போட்டுட்டான். ஒரு மணி நேரத்துல தொப்பம்பட்டில இருந்து ஒருத்தர் கூப்ட்டுட்டாரு, வியாழக்கெழம வாரேன்னு.

அம்மா: "பூசைக்கு எதடா வாசிப்ப?"
"கோயில்ல பழைய ஆர்மோனியம் கெடக்குல்ல."
"அதுல பாதிக் கட்ட ஊமை."
"பாதி பேசுதுல்லம்மா."

அம்மா எம்பக்கம் திரும்புச்சு. "ஏன்டி, என் போன்ல எம்புட்டு இருக்கு?"
"4 ஜிபி."
"அதுல ஜெபமாலையும் ஓடுது, சீரியலும் ஓடுது. இவனுக்குப் பதினாறு வேணுமாக்கும்."

அம்மாவுக்கு என்ன தெரியும். கம்பெனி மேலதான் கோவம் கோவமா வருது. எங்க வீட்டுக் கீபோர்டுக்குக் கால் மொளைக்குதுன்னா அதுக்கு அவய்ங்கதான் காரணம்.

ராத்திரிச் சோத்துக்கு வெஞ்சனம்: கத்திரிக்கா. மறுபடியும்.

11, புதன்

காலேஜ் போகல. வயித்துவலி (பொய்). அண்ணன்ட்ட அவன் போன வாங்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டேன். 12 ஜிபி பத்தாதுன்னு வீடியோ ஆதாரத்தோட குரூப்ல போடணும். தேனிக்காரன் வாயடைக்கணும். அதுதான் பிளான்.

மலைக்கோட்டையப் பாத்தாப்புல ஸ்டாண்டுல வச்சு, யாருக்கும் தெரியாத லிங்க்ல லைவ். அண்ணன் எப்பவும் லைவப் பின்னால ஓடவிட்டுட்டு வாட்ஸப்ப எட்டிப் பாப்பான், "சத்தம் வரல தம்பி"ன்னு எவராச்சும் அனுப்பிருப்பாங்கன்னு. அதே மாதிரி நானும்.

3.40 ஆரம்பம்.
3.45 வாட்ஸப், மேப், பாட்டு. கட் ஆகல.
3.52 கேம் ரெண்டு, போட்டோ எடிட்டர், ஷாப்பிங் ஆப் மூணு. லைவோட சேத்து மொத்தம் 10. கட் ஆகல. எரிச்சல்.
4.00 வாட்ஸப்ல இருக்கேன். கட்!! குதிச்சேன். கொடில இருந்த துணி கீழ விழுந்துருச்சு.
4.04 திரும்ப ஆரம்பம். ஆதாரத்துக்காக மெமரி பக்கத்தத் தெறந்து பாத்துக்கிட்டே இருந்தேன்.
4.29 ஓடுறது 7.1. சும்மா கெடக்குறது 4.9.
4.30 கட்.

கிட்டத்தட்ட அஞ்சு ஜிபி சும்மா கெடக்கு. அப்பறம் ஏன்டா வெளிய போட்ட?

5.00 கட். சரியா அஞ்சு. ரேம் பத்தாமச் சாகுற ஆப் மணி பாத்தா சாகும்?

அப்பத்தான் மேல ஒரு குட்டி நோட்டிஃபிகேஷன். ராக்கெட் படம் போட்டு: "சூப்பர்! 2.3 ஜிபி விடுவிக்கப்பட்டது!"

ரேம் பூஸ்டர் ஆப். அரை மணிக்கு ஒருக்க, பின்னால என்ன ஓடுனாலும் தானாக் கூட்டித் தள்ளிரும். லைவும் அதுக்குக் குப்பைதான்.

அத இந்தப் போன்ல ஏத்துனது யாரு? கிறிஸ்மஸ் லீவுல, "பாருண்ணே, எப்பவும் ஏழு ஜிபி ஃப்ரீயா வச்சிருக்கும், சும்மா பறக்கும்"னு சொல்லி, எல்லாத்துக்கும் "அனுமதி" தட்டி, ஏத்துனது நான்.

அத நிப்பாட்டிட்டு 5.10ல இருந்து 6.15 வரைக்கும் விட்டேன். கட் ஆகல. ஒருதடவகூட.

அண்ணன் மாடிக்கு வந்தான். "என்ன ஜென்சி, கண்டுபுடிச்சியா?"
"பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? 412 பேரு, 90 லைக், "கரெக்ட் ப்ரோ". நாளைக்குச் சொல்லிக்கலாம். இன்னொருதடவ டெஸ்ட் பண்ணிட்டு.

12, வியாழன்

டெஸ்ட் ஒண்ணும் பண்ணல. காலேஜும் போகல.

பத்து மணிக்குத் தொப்பம்பட்டிக்காரர் வேன்ல வந்துட்டாரு. கூட அவரு பொண்ணு, எட்டாவது படிக்குமாம், ரெட்டச் சடை.

"ஏனுங்க தம்பி, எல்லாக் கட்டையும் பேசுதுங்களா?"
"எல்லாம் பேசும்ங்க."
அந்தப் புள்ள உக்காந்து ஏதோ ஒரு பாட்டு. தப்புத் தப்பா, ஆனா நிறுத்தவே இல்ல.
"நல்லாத்தானுங்க இருக்குது. அப்புறம் ஏனுங்க குடுக்கறீங்க?"
அண்ணன்: "ரேம் பத்தலைங்க."
"இதுக்கெதுக்குங்க ரேமு?"
"இதுக்கில்லைங்க. போனுக்கு."

அவரு சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "அது சரிங்க. ஆட்ட வித்துப் போனு வாங்குனவனப் பாத்திருக்கறனுங்க. பாட்டுப்பொட்டிய வித்து வாங்கறவர இப்பத்தானுங்க பாக்கறேன்."

அண்ணனுக்கு வெக்கம். என்னயக் கை காட்டுனான். "இவதாங்க எங்க வீட்டு எக்ஸ்பர்ட். கேளுங்க."

அவரு எம்பக்கம் திரும்பி, "ஏனுங்க பாப்பா, நெசமாலுமே வேணும்ங்களா?"

அப்பச் சொல்லிருக்கலாம். ஒரே வரி. அண்ணே, ரேம் இல்ல, பூஸ்டர். அம்புட்டுத்தான்.

"16 இருந்தா நல்லதுங்க" அப்படின்னேன்.

அம்மா ஒரு பழைய சேலையக் குடுத்துச்சு, சுத்திக் கட்டறதுக்கு. அண்ணன் வேன் வரைக்கும் தூக்கிட்டுப் போனான். மழைத்தண்ணி படக்கூடாது, எந்தப் பெடல் எங்க குத்தணும், எல்லாம் அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தான். நான் உள்ள வந்துட்டேன்.

ரெக்கார்ட் நோட் எழுத உக்காந்தேன். ஒரு பக்கம் முடியல.

13, வெள்ளி

காலேஜ் விட்டு வர்றேன், அண்ணன் ஹெல்மெட் மாட்டிக்கிட்டான், போன் வாங்கக் கெளம்புறதுக்கு. வாசல்ல வச்சுச் சொல்லிட்டேன். எல்லாத்தயும். அரை மணிக் கணக்கு, ராக்கெட், 4.9 ஜிபி.

அவன் ஹெல்மெட்டக் கழட்டுனான்.

"எப்பத் தெரியும்?"
"புதன்."
"நேத்து அவரு கேக்கும்போது உனக்குத் தெரியும்."
"ம்."

ஹெல்மெட்ட ஆணில மாட்டுனான். திட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

நான்: "அவருக்குப் போன் போட்டுத் திருப்பிக் கேக்கட்டா? நான் பேசுறேன்."
அவன் போன எடுத்துக் காமிச்சான். அந்தப் புள்ள நேத்தே வீடியோ அனுப்பிருக்கு. அதே பாட்டு, தப்பு கொஞ்சம் கொறஞ்சிருக்கு. கீபோர்டு மேல மல்லிப்பூ வச்சு, பொட்டெல்லாம் வச்சிருக்காங்க.

"இந்தா, திருப்பிக் கேளு. கேப்பியா?"

கேக்கல.

கடைக்குப் போகல அவன். மாடிக்குப் போயி ரெண்டு மணி நேரம் அவனாவே லைவ் விட்டுப் பாத்தான். எறங்கி வந்து போன என் கைல குடுத்து, "அந்தச் சனியனத் தூக்கு" அப்படின்னான். பூஸ்டரத் தூக்குனேன். தூக்கும்போது கேக்குது, "நிச்சயமாகவா? உங்கள் போன் மெதுவாகிவிடும்!" செருப்பு.

யார் மேல கோவம்?
கம்பெனி மேல: ஆமா. நம்பரக் காமிச்சுக் காமிச்சே எங்களப் பழக்கிட்டாய்ங்க. ஓடுதான்னு பாக்க மாட்டோம், எத்தனன்னு பாப்போம்.
பூஸ்டர் எழுதுனவன் மேல: சொல்லவே வேணாம். ரேமுங்கிறது நெறச்சு வச்சு வேல வாங்குறதுக்கு. காலியா வச்சு அழகு பாக்குறதுக்கு இல்ல. இத இத்தன வருசமா ஸ்பெக் படிக்கிற நான் தெரிஞ்சுருக்கணும்.
தேனிக்காரன் மேல: சரியாக் கேட்டதுக்கு.
மீதி எல்லாம் எம்மேல.

ரெக்கார்ட் நோட் குடுக்கல. மேடம் ஒரு பார்வ பாத்தாங்க.

14, சனி

சிறுமலை. விடியும்போதே பைக்ல கெளம்பிட்டோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, அண்ணன் வாயே தெறக்கல. வாழக்குலை ஏத்துன ஜீப்புக்கு ஒதுங்குனப்ப மட்டும் "புடிச்சுக்க." காது வெறைச்சுப்போச்சு.

கோயில்ல சிக்னல் ரெண்டு கோடு, சில நேரம் மூணு. பவர் பேங்க் சொருகி ஸ்டாண்டுல வச்சான். "நீ பக்கத்துல உக்காந்து மெமரியப் பாரு. தொடாத."

10.05 லைவ். பாக்குறது 38 பேரு.
10.20 பொண்ணு உள்ள வந்துச்சு. கூட்டிட்டு வந்தது சித்தப்பா.
10.30 மூச்சப் புடிச்சுக்கிட்டேன். அண்ணன் வாட்ஸப்ல இருக்கான். கட் ஆகல.
10.47 ஃபாதர் பிரசங்கம். நீளம். பாட்டுக்குழுப் பையன் கீபோர்டுல ஒரு எடத்துல தடுமாறுனான், அண்ணன் விரல் ஸ்டாண்டு மேல தானா அசைஞ்சுச்சு. பாக்காத மாதிரி இருந்துட்டேன்.
11.00 ஓடுது.
11.06 தாலி. ஓடுது ஓடுது ஓடுது.

பாக்குறது 61 பேரு. தோஹாவுல இருந்து கமெண்ட்: "பாத்துட்டேன் தாயி". பத்து நிமிசம் கழிச்சுத் திரும்ப: "தம்பி கேமராவ அவ பக்கமே வையி".

அதிகபட்சம் ஓடுனது 7.6. பன்னெண்டுல.

பந்தில அண்ணன் எனக்கு முன்னாடி எலையப் போட்டான். "தின்னு. பீன்ஸ் நல்லாருக்கு." நேத்துல இருந்து வேலையப் பத்தி இல்லாம என்னட்டப் பேசுன மொத வார்த்த.

15, ஞாயிறு

பூசை. ஆர்மோனியம். ஒரு கை துருத்திக்குப் போயிருது, ஒத்தக் கைலதான் வாசிக்கணும். ஊமைக் கட்ட வர்ற எடத்துல எல்லாம் அண்ணன் வாயால பாடி நெரப்புனான். பின்னாடி பெஞ்சுல ஒரு அக்கா: "ஏன் பிரின்சு, கீபோர்டு ரிப்பேரா?" "ஆமாக்கா" அப்படின்னான். என்னயக் காட்டிக் குடுக்கல.

அங்கயே, கோயில் வாசல்ல நின்னே டைப் பண்ணி குரூப்ல போட்டுட்டேன். வீட்டுக்கு வந்தா மனசு மாறிரும். இங்கயும் எழுதி வைக்கிறேன்:

"எல்லாரும் படிங்க. 16க்குக் கீழ ஃபிளாக்ஷிப் இல்லன்னு நான் போட்டது தப்பு. லைவ், வாட்ஸப், கேமரா எல்லாம் ஒண்ணா ஓட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல பாத்தேன், எட்டத் தாண்டல. 12 போதும். வெலையக் கொறைக்காம ரேமக் கொறச்சது கொள்ளதான், அதுல நான் மாறல. ஆனா உங்க போன் நிக்குதுன்னா மொதல்ல ரேம் பூஸ்டரத் தூக்குங்க, அப்பறம் டெவலப்பர் ஆப்ஷன்ல மெமரி பக்கத்தத் தெறந்து ஸ்க்ரீன்ஷாட் இங்க போடுங்க, எத்தன ஜிபி சும்மா கெடக்குன்னு எல்லாரும் பாப்போம். தேனி தம்பி, உன்ன மியூட்ல இருந்து எடுத்துவிட்டாச்சு, நீ மொதல்ல போடு. எம்பேச்சக் கேட்டு யாராச்சும் வீட்டுல எதயாச்சும் வித்து 16 வாங்கப் போறீங்கன்னா, இன்னைக்கே எனக்கு மெசேஜ் பண்ணுங்க. ஏற்கனவே வித்துட்டீங்கன்னாலும் பண்ணுங்க."