பெட்டியில் இல்லாத எண்ணெய்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அங்கே அப்படியே இருக்கணும். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, டாக்டர் நடக்கச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. எனக்குத்தான் மனசு சரியில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அப்பா காதிலும் விழும், அதனால் மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் லேபிள் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு அனுப்பலாமென்று எங்கள் கம்பெனி முக க்ரீம் ஒன்று எடுத்து வைத்தேன். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் உனக்கு எதுவும் அனுப்பமாட்டேனே, பெட்டியைப் படித்தேன், பயப்பட ஒன்றுமில்லை. கை சும்மா இராமல் உள்ளே இருந்த டப்பாவின் லேபிளையும் படித்தேன், பாதாம் எண்ணெய் என்று இருக்கிறது. பெட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தேன், அதில் பாதாம் இல்லவே இல்லை. போன மாதம் புதிதாகச் சேர்த்த எண்ணெய் அது. லேபிளும் பெட்டியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலையே, லேபிளை மாற்றச் சொன்ன நான் பெட்டியை மறந்துவிட்டேன். அச்சகத்திலிருந்து மாதிரிப் பெட்டி வந்ததும் வழக்கம்போல டிராயரில் இருக்கும் பழைய பெட்டியோடு வைத்து நிறம், மடிப்பு, எழுத்து எல்லாம் பார்த்தேன், அச்சு அசலாக ஒத்துப்போனது, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். ஒத்துப்போயிருக்கவே கூடாதடி, அது அப்போது மண்டையில் உறைக்கவில்லை.

இரண்டாயிரம் பெட்டி முந்தாநாளே லாரி ஏறிவிட்டது. இன்னும் யாருக்கும் தெரியாது. பெட்டி மடிக்கும் அக்கா, என்ன மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு, வீட்ல சண்டையா என்று கேட்டாள், தலைவலி என்றேன். முன்பு தப்பான மூடிக்குக் கையெழுத்துப் போட்டவரிடம் மேனேஜர், கையெழுத்து உன்னுதுதானே, அப்ப வீட்டுக்குப் போ என்று எல்லார் எதிரிலும் சொன்னது காதிலேயே நிற்கிறது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். ஆனால் கண்ணை மூடினால் ஆறு வயசில் பக்கத்து வீட்டில் பாதாம் பிஸ்கட் தின்றுவிட்டு முகம் வீங்கி மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த நீதான் வருகிறாய். செருப்புகூடப் போடாமல் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்தப் பெட்டியைப் படித்து நம்பி வாங்கப்போகிறவளும் ஒரு அம்மாவாகத்தானே இருப்பாள்.

மேனேஜர் மூன்று மணிக்கு வருவார், வந்ததும் போய்ச் சொல்லிவிடுவேன், இப்போது இரண்டே முக்கால். டப்பாவும் பெட்டியும் மடியில் இருக்கின்றன, அவற்றின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான், ஆனால் போய்விடக் கூடாதென்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, நூறு வயசு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, கடையில் எதை வாங்கினாலும் பெட்டியை மட்டும் நம்பாதே, உள்ளே இருப்பதையும் படி. பெட்டிக்குக் கையெழுத்துப் போடுவது என்னை மாதிரி ஓர் ஆள்தான்.

இப்படிக்கு,
எழுந்து போகப் போகிற உன் அம்மா