என் பெயருக்குக் கீழே இருந்த வரி

ஆகஸ்ட் 2006, ஞாயிறு இரவு.

அண்ணன் மகன் ஜெபராஜ் மார்த்தாண்டத்திலிருந்து வந்தான். கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்து எங்கள் வம்சத்தை ஒரு பெரிய தாளில் வரைந்திருந்தான். கைநாட்டு வைக்க மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தான். எழுதப் படிக்க நான் ஆறு மாதமாக மாலை வகுப்புக்குப் போவது அவனுக்குத் தெரியாது.

"எல்லாம் சரின்னு ஒரு கைநாட்டு வையுங்க சித்தப்பா. பொறவு வாய்க்குள்ள பஞ்ச வச்சு ஒரு உரசு. டி.என்.ஏ. டெஸ்டுக்கு. ஸ்டெல்லாக்காகிட்டயும் எடுக்கணும்."

"அவகிட்ட எதுக்குடே?"

"சும்மாதான்."

"என் பேருக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

"உங்க வயசு."

நான் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசித்தேன். 'வாரிசு இல்லை.' அவன் மைப்பெட்டியை மூடிவிட்டான். இந்த வயதில் நானே வாசித்துவிட்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அந்த வரியை அடித்துவிட்டு, 'மகள் ஸ்டெல்லா' என்று எழுதினேன். பஞ்சு வைக்க விடவில்லை. இரண்டு மாதக் குழந்தையாக அவளை எடுத்து வந்தது எனக்கும் செத்துப்போன என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும் என்றிருந்தேன். ஸ்டெல்லாவுக்கே தெரியாது. இவனுக்கு யார் சொன்னார்கள்?

தாளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜெபராஜ் போகும்போது வாசலில் நின்று ஸ்டெல்லாவிடம் ஏதோ பேசினான். சோறு போடும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கு நானே தாளை வாசித்துக்காட்டி, மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தாலும், என் வாயிலிருந்தும் அவள் கேட்கட்டும்.