அமாவாசைப் படகு

அண்ணே,

இன்று காலை கறம்பக்குடியில் பஸ் கிளம்பவில்லை. டிரைவர் பானெட்டைத் திறந்து வேஸ்ட் பஞ்சால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். டீசல் வாடை முகத்தில் வந்து அடித்தது. கூட வந்த டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன், அது உங்கள் வாடை. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. செத்தவருக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் உயிரோடு இருந்தபோது மட்டும் நாம் என்ன பேசிக் கிழித்தோம்? "நல்லா இருக்கீங்களாண்ணே", "இருக்கேன் தங்கச்சி", அவ்வளவுதான்.

விடுதலை கிடைத்த மறு வருஷம் பஸ் கம்பெனிக்கு மெக்கானிக்காக வந்தீர்கள். கோட்டைப்பட்டினம் பக்கத்து ஆள், சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை. உங்களை நான் அதற்கு முன்பே அறிவேன். உலக யுத்தத்தின்போது கப்பற்படையிலிருந்து என் வீட்டுக்காரர் எழுதிய கடிதங்களில் நீங்கள் வருவீர்கள். நம்ம பக்கத்து ஆள், இஞ்சின் வேலை, குழம்பில் உப்புக் குறைந்தால் சமையல்காரனை அடிக்கப் போய்விடுவார் என்று எழுதியிருந்தார். ஒரு நாள் கடிதங்கள் நின்றன. பிறகு சர்க்காரிடமிருந்து ஒரு தாள் வந்தது. "காணவில்லை" என்று போட்டிருந்தது. எந்த ஊரில், எந்த நாளில், ஒன்றும் இல்லை.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊர் சும்மா இருக்குமா? நம் பக்கத்திலிருந்து பர்மாவுக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்கள் கொஞ்சமா நஞ்சமா! என் வீட்டுக்காரரும் படையிலிருந்து நழுவி, ரங்கூனில் ஒரு பர்மாக்காரியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் மாமியார் அதைச் சந்தோஷமாகவே நம்பினார். எவளோடு இருந்தால் என்ன, மகன் உயிரோடு இருக்கிறானே. என் பாடுதான் திண்டாட்டம். பூ வைத்தால் யாருக்காக என்பார்கள். வைக்காவிட்டால், புருஷன் இருக்கையில் என்னடி கோலம் என்பார்கள்.

அவர் என்ன ஆனார் என்று உங்களிடம் கேட்டேன். "எங்க கப்பல் ஒரு சின்ன போட்டு தங்கச்சி. கரையோரமா ரோந்து போவோம். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்றீர்கள், தரையைப் பார்த்துக்கொண்டே. பொய் சொல்ல வராத மனிதர். அதன் பிறகு நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால் போதும், எந்த வண்டி நின்றாலும் அதன் அடியில் புகுந்துகொள்வீர்கள். பழுதே இல்லாத பஸ்ஸுக்கு அடியில் ஓர் ஆள் எவ்வளவு நேரம்தான் படுத்திருப்பார்?

மாமியார் என் கொழுந்தனை ரங்கூனுக்கு அனுப்பத் தீர்மானித்தபோதுதான் நீங்கள் வெளியே வந்தீர்கள். பர்மாவில் மறுபடியும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். போனவன் திரும்புவது நிச்சயமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெர்மிட் வாங்கியாயிற்று. அண்ணனைக் கையோடு கூட்டிவருகிறேன் என்று கொழுந்தன் துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்த மத்தியானம் கிரீஸ் கையோடு எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஆத்தா, தம்பியை அனுப்பாதீங்க. உங்க மூத்தவன் அங்கிட்டு இல்ல."

யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சொன்னால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றீர்கள். இருந்தும் சொன்னீர்கள். மூன்று பஸ் நீளமே உள்ள சாம்பல் நிறப் படகு. எதிரியின் கையிலிருந்த பர்மாவின் அரக்கான் கரைக்குக் கிட்டே போய் இஞ்சினை அணைத்துவிடுவார்களாம். வேவு பார்க்கும் ஆட்களைச் சிறு தோணியில் கரைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை இருட்டில் காத்திருப்பார்களாம். செருமினால்கூடக் குற்றம். அந்தத் தோணிக்குத் துடுப்புப் போட்டவர் என் வீட்டுக்காரர். குறித்த நேரத்துக்குள் தோணி வராவிட்டால் படகு கிளம்பிவிட வேண்டும். விடிந்துவிட்டால் படகிலிருக்கும் அத்தனை பேரும் காலி. அன்று தோணி வரவில்லை.

"உத்தரவு வந்துச்சு. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுனது நான்தான் ஆத்தா. கொஞ்சத் தூரம் போனதும் கரையில வேட்டுச் சத்தம். அடுத்த தடவை போனப்ப, அந்த ஊர்க்காரங்க அவனைப் பொதைச்ச எடத்தைக் காட்டுனாங்க. எறங்கிப் போயி நானே பாத்தேன்."

இத்தனை நாளும் உங்கள் வாயைக் கட்டியது கையெழுத்து மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாமியார் அழவில்லை. "அன்னிக்கு என்ன திதி?" என்று கேட்டார்.

"அமாவாசை ஆத்தா. நிலா இருந்தா எங்க போட்டு கெளம்பாது."

"எம்மவனை ஓடிப்போனவன்னு ஊரே பேசுச்சு. நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

அதற்குப் பிறகு சாகும்வரை அவர் உங்களோடு பேசவில்லை. கொழுந்தன் பெர்மிட்டைக் கிழித்துப் போட்டார். நான் தாலியைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன்.

அன்று சொல்லாததை இன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசி முடித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை அண்ணே, நிம்மதி. அவர் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. புருஷன் செத்த செய்தியில் நிம்மதிப்படுகிறாயே, நீயும் ஒரு பெண்ணா என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு. அந்த வெட்கத்தில்தான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன். நீங்களோ, இஞ்சினை ஓட்டியதற்காக உங்களை வெறுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டீர்கள். அது தெரிந்தும் பதினைந்து வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் டிரெயினிங் முடித்து, கந்தர்வகோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் மாற்றலாகி, நீங்கள் பழுது பார்த்த பஸ்களிலேயே போய்வந்தும்கூட. படகில் மிச்சமிருந்தவர்கள் வீடு திரும்பியது உங்கள் கையால். கொழுந்தன் மூன்று பிள்ளைகளோடு முந்திரிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நீங்கள் வாயைத் திறந்ததால். இதை நேரில் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை, பாவி.

ஒவ்வொரு தை அமாவாசைக்கும் கொழுந்தன் மணமேல்குடிப் பக்கம் கடலுக்குப் போய் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார். இந்தத் தடவை நானும் போனேன். அண்ணனுக்கு முடித்துவிட்டு, கரையேறாமல் உங்களுக்காக இன்னொரு பிடி எள்ளை அள்ளிக்கொண்டார். ஐயர் உங்கள் பெயரைக் கேட்டார், சொன்னோம். அடுத்து உங்கள் அப்பா பெயரைக் கேட்டார். கொழுந்தன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மதினி, மெக்கானிக்கோட அப்பா பேரு என்ன?"

நீங்கள் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

"எங்கப்பா பேரைச் சொல்லுங்க தம்பி" என்றேன்.