சசிகுமார் கூட்டிப்போன கச்சேரிகள்

திருப்பூர்
20-1-2007

அன்பு மகள் தமிழ்மதிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு நாளாக நீ போன் செய்தாய், நான் வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை கண்ணு. பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்றார்கள். சசிகுமார் வீட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று நான்தான் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவைக் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. அது பெரிய தப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன நடந்தது என்று முழுக்கப் படித்துவிட்டு நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் என்றால் சொல்.

பொங்கலுக்கு இங்கே ஒரு வாரம் கம்பெனி எல்லாம் லீவு, தெற்கத்திச் சனம் ஊருக்குப் போய்விட்டதால் நம் தெருவே வெறிச்சென்று இருக்கிறது, நம் நிட்டிங் மிஷின்களும் நின்றுகிடக்கின்றன. பொங்கலூர்ப் பெரியப்பா முழங்கால் வலியோடு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார், நீ அனுப்பிய தைலத்தைக் கொடுத்தேன், வாசனையே ஆகவில்லை என்று மூடிவைத்துவிட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சசிகுமாருக்குப் பாட்டு என்றால் உயிர், லீவு நாள் வந்தால் கச்சேரி கச்சேரியாய்ப் போவார், நீங்களும் போயிட்டு வாங்கம்மா, எந்நேரமும் மிஷின் சத்தத்தையே கேட்டுட்டு ஊட்டுக்குள்ள கெடக்காதீங்க என்று கார்த்திகையில் நீதான் சொன்னாய். உனக்கும் பாட்டுப் பிடிக்கும், அவனுக்கும் பிடிக்கும், நல்ல பொருத்தம் என்று நானும் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். அவன் காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்து, வாங்க அத்தை போலாமுங்க என்று கூப்பிட்டபோது வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

முதலாவது கச்சேரி கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தி ஹாலில் நடந்தது. பெரிய கூட்டம் இல்லை, அவனுக்குப் பழக்கமான கம்பெனிக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். எனக்கு உட்காரும் நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஹாலில் இருந்த சனத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது கண்ணு. பாட்டு ஆரம்பிக்கும் முன்பே ஆளாளுக்கு மைக்கில் பேசி, ஒருவருக்கு ஒருவர் சால்வை போட்டு, சால்வை போட்டவருக்கு இன்னொருவர் சால்வை போட்டு முடிப்பதற்குள் உட்கார்ந்த இடம் மரத்துவிட்டது. பாட்டு நடக்கும்போதே போண்டாத் தட்டு வந்தது, தின்றுவிட்டு எண்ணெய்த் தாளைக் கசக்கி மேடைக்குக் கீழேயே போட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு ஆள் எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு செல்போனில் சாயக்கூலி பேசிக்கொண்டே இருந்தார், அவர் பாதம் பாடுகிற பெண்ணின் முகத்துக்கு நேராக இருந்தது. கைதட்டுகிற இடத்தில் மட்டும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டினார், அது எதற்குத் தட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. சாப்பாடு வாசனையும் சென்ட் வாசனையும் அந்தக் குளிர்சாதன ஹாலுக்குள் கலந்து அடித்ததில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பெண் பாடினாள் பார், அதற்காகத்தான் எழுந்து வராமல் இருந்தேன். அவள் பேர் வேல்விழி, முப்பது வயது இருக்கும். கச்சேரி முடிந்ததும் போய்க் கையைப் பிடித்து நல்லா பாடினே சாமி என்றேன். விருதுநகர்ப் பக்கம் ஊராம், பகலில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறாளாம், சாயந்திரமும் லீவு நாளும் இந்த ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறாளாம். தாளம் போடுகிற முனீஸ் அவள் வீட்டுக்காரன், கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். சசிகுமார் சார்தாங்க்கா வருசா வருசம் எங்களக் கூப்பிடுதாரு, அவரு இல்லாட்டி இந்த சீசனே எங்களுக்கு இல்ல என்று அவள் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நம் வீட்டுக்கு வரப்போகிற பையன் நாலு பேருக்குப் பிழைப்புக் கொடுக்கிறான் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

இரண்டாவது கச்சேரி புதுவருசத்தன்று சாயந்திரம், அவன் சிநேகிதன் கட்டியிருக்கும் புது வீட்டு மாடியில். அங்கே வேல்விழி பாட ஆரம்பித்ததும் குரல் ஒரு மாதிரி இரண்டு மூன்றாகக் கிழிந்து கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டது. அவள் பாவம், ஒவ்வொரு வரிக்கும் சவுண்டு செட்டுக்காரரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அவர் குனிந்துகொண்டார். வந்திருந்த சனம் சிரித்தது. மிஷின் கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தபோது சசிகுமார் இலையில் கை வைத்துக்கொண்டே, அந்த சவுண்டு செட்டுத் திருகைத் திருகினது நாந்தானுங்க அத்தை, அவ மூஞ்சியப் பாத்தீங்களா என்று சிரித்தான். அவன் அம்மா வள்ளியாத்தாளும் சிரித்தார், இவனுக்குச் சின்னதுல இருந்தே இந்தச் சேட்டைதானுங்க என்று எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். அந்தப் பாயசம் எனக்கு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதற்கு, வயசுப் பையன், விளையாட்டு என்று அப்பா சொன்னார், நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவதுதான் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பூப்பறிக்கிற நோன்பு அன்றைக்கு, அவர்கள் தென்னந்தோப்பில். நானும் அப்பாவும் வெயில் தாழ்வதற்கு முன்பே போய்விட்டோம். மரத்தடியில் ஜமக்காளம் விரித்து நாற்காலி போட்டிருந்தார்கள், பெண்கள் ஒரு பக்கம், அவனும் அவன் சிநேகிதர்களும் இன்னொரு பக்கம். கூல்டிரிங் பாட்டிலில் எதைக் கலந்து குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாதா, காற்று திரும்பும்போதெல்லாம் நாற்றம் எங்கள் பக்கம்தான் வந்தது. கோழியைக் கடித்துவிட்டு எலும்பைப் பாட்டுக்காரர்கள் செருப்புக் கழற்றி வைத்திருந்த இடத்துக்குக் குறிபார்த்து எறிந்தார்கள். எந்தச் செருப்பில் விழுகிறது என்று அதற்கு ஒரு கத்தல். இதைப் பார்க்கவா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தோம் என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வேல்விழிக்கு அன்றைக்கு முன்னமே தொண்டை சரியில்லை, லீவு முழுக்க ஊருக்குக்கூடப் போகாமல் தினம் ஒரு இடத்தில் பாடியிருக்கிறாள். ஒரு பழைய பாட்டு, கடைசியில் உச்சிக்கு ஏறி அங்கேயே நின்று இறங்கும், அதைப் பாடி முடித்தாள். ஒன்ஸ்மோர் என்றான் சசிகுமார். சரி, பாட்டு நன்றாக இருந்தது, கேட்கிறான் என்று நினைத்தேன். மறுபடி பாடினாள், மறுபடியும் ஒன்ஸ்மோர். அப்புறமும் விடவில்லை. வேறு பாட்டு எடுக்கிறேன் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாள், அதெல்லாம் முடியாது, அதே பாட்டு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த உச்சி வரும்போது இந்தப் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கழுத்தையே பார்ப்பார்கள். அவள் நரம்பு புடைத்து எப்படியோ அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் சிலர் தொடையில் தட்டிக்கொள்வார்கள், சிலர் ச்சே என்பார்கள். எனக்குப் புரியவில்லை. முனீஸ் ஒரு கட்டத்தில் கையைத் தாளத்திலிருந்து எடுத்துவிட்டான். ஏய், அடி, உன்னை நிறுத்தச் சொன்னாங்களா என்று ஒருத்தன் கத்தினான். முனீஸ் தன் பெண்டாட்டியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே மறுபடி அடித்தான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை கண்ணு.

நான் எழுந்து சசிகுமார் பக்கத்தில் போய், போதும் சாமி, அந்தப் புள்ளைக்கு முடியல என்றேன். அவன் உடனே எழுந்து நின்றான், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அத்தை, இன்னும் ஒரே ஒரு ரவுண்டுங்க, இந்த ரவுண்டுல குரல் ஒடைஞ்சிரும்னு பந்தயம் கட்டியிருக்கேன், நாந்தானுங்க ஜெயிக்கப் போறேன் என்றான். சிரித்த முகத்தோடு, காதுக்குள் ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் புழு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. நேராகப் போய் அவள் கையில் இருந்த மைக்கைப் பிடுங்கித் தரையில் வைத்தேன், அது கீச்சென்று கத்தியது. வேல்விழியை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், அவளால் விழுங்க முடியவில்லை. வள்ளியாத்தாள் வந்து, ஏனுங்க சம்பந்தி, பாட வந்தவளுக்குப் போயி இத்தனை பரிஞ்சா எப்படீங்க, நாலு பேரு பாக்கறாங்கல்ல என்றார். அப்பாவும், வா புள்ள, வந்து உக்காரு என்று கூப்பிட்டார். நான் உட்காரவில்லை. தோப்பைத் தாண்டி ரோட்டுக்கு வந்து நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா யாரிடமோ வண்டி வாங்கிக்கொண்டு வந்தார். பல்லடம் தாண்டியதும், குடிச்சிருந்தானுக, அதுக்காக ஒரு சம்பந்தத்தைக் கெடுத்துக்குவியா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வேல்விழி வீட்டைத் தேடிப் போனேன், லைன் வீட்டில் ஒரு அறை. அவளுக்குப் பேச்சு வரவில்லை, காற்றுதான் வருகிறது. குரல் நரம்புல ரத்தம் கட்டியிருக்காம்க்கா, ஒரு மாசத்துக்கு வாயத் தெறக்கக் கூடாதுன்ட்டாரு டாக்டரு, அப்பறமும் பழையபடி வருமான்னு சொல்ல முடியாதாம் என்றான் முனீஸ். அதோடு விட்டிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. காலம்பறதான் சாரோட ஆளு வந்துட்டுப் போனாருக்கா, தை கடைசியில அவருக்கு நிச்சயதார்த்தமாம், இவதான் பாடணுமாம், அதே பாட்டக் கேட்டாராம் என்று அவன் சொன்னான். வேல்விழி என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, பொண்ணு யாரு என்று கேட்டாள். என் பொண்ணுதான் சாமி என்றேன். அவள் வேண்டாம் என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். சும்மா இரு, நமக்கெதுக்கு என்று முனீஸ் அவளை அடக்கினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்து மறுபடியும் ஆட்டினாள். அவர்கள் பிழைப்பு இவன் கையில் இருக்கிறது, அப்படி இருந்தும் ஆட்டினாள்.

நான் வீட்டுக்கு வந்து, பொங்கலுக்கு உனக்கென்று அவர்கள் கொடுத்த புடவையை எடுத்துக்கொண்டு அப்படியே அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகும்போதுகூட ஒரு எண்ணம் இருந்தது, போதை தெளிந்திருக்கும், ஒரு வார்த்தை வருத்தமாகச் சொன்னால் இதைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று. சசிகுமார்தான் கதவைத் திறந்தான், குளித்து விபூதி வைத்து நன்றாகத்தான் இருந்தான். அந்தப் புள்ளைக்குத் தொண்டையில ரத்தம் கட்டிப் பேச்சே போயிருச்சு, உனக்குத் தெரியுமா சாமி என்று கேட்டேன். தெரியுமுங்க அத்தை, இப்பத்தான் எங்க ஆளு சொன்னான், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, நிச்சயத்துக்குக் கோயமுத்தூர்ல இருந்து வேற ஆளு சொல்லிட்டேனுங்க என்றான். அவன் பொய் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. என் கவலை அதுதான் என்று அவன் மனசார நினைத்தான். நான் புடவையை மேசை மேல் வைத்துவிட்டு, எங்களுக்கு இது சரியா வராதுங்க என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு கூத்தாடிக்காகவா என்று அவர் பின்னாலிருந்து கேட்டார், நான் அதற்குள் படி இறங்கிவிட்டேன்.

இப்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் என்மேல் பாய்கிறார்கள், நல்ல இடம், பையன் படித்தவன், கெட்ட பழக்கம் பெரிதாக இல்லை, கிறுக்கச்சி கெடுத்துவிட்டாள் என்று. அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். ஆனால் இன்று காலையில் நிச்சயத்துக்குச் சொல்லிவைத்த மண்டபத்துக்காரருக்கு அவரேதான் போன் செய்தார். வேண்டாமுங்க, வேற யாருக்காவது குடுத்துருங்க என்று அவர் சொன்னது அடுப்படியில் எனக்குக் கேட்டது.

உனக்கு அவனைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நீ அவனோடு போனில் பேசி இருப்பாய், உன் அம்மா ஒரு பாட்டுக்காரிக்காக எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவன் சொல்லியிருக்கலாம். நான் இன்னும் ஒன்றுதான் கேட்கிறேன். தோப்பில் அன்றைக்கு என்ன நடந்தது என்று நீயே அவனிடம் கேள். நான் எழுதியதைச் சொல்லிவிடாதே, கோபப்படாதே, சும்மா கதை கேட்கிற மாதிரிக் கேள். நாலாவது தடவை, அஞ்சாவது தடவை என்று அவன் சொல்லிக்கொண்டு வரும்போது குரல் எப்படி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேள். எங்கேயாவது ஒரு இடத்தில் அவனுக்கு நா தழுதழுத்தால் எனக்குச் சொல், நானே அவர்கள் வாசலில் போய் நின்று அந்தப் புடவையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. அந்தப் பெண்ணின் குரல் உடைகிற இடத்துக்கு வரும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தால், சிரித்து முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு நீயே போனை வைத்துவிடு.

பரீட்சை நேரம் என்று வேளை தவறிச் சாப்பிடாதே, பனியில் வெளியே போகும்போது உள்ளே கம்பளிப் பனியன் போட்டுக்கொள். அறையில் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போய்விடாதே. காங்கேயத்து அத்தை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வாழ்த்து அனுப்ப மறந்துவிடாதே. போன இடத்தில் உன்னை நாலு பேர் மதிக்கும்படி நீ நன்றாக இருக்க வேண்டும், யாரோடு வாழ்ந்தாலும் தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்று சென்னிமலை முருகனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உன் அம்மா,
ம. ராமாத்தாள்