நம் கல் ரோட்டில் தண்ணீர் போன பக்கம்

என் பிரியமுள்ள மச்சான் குணாவுக்கு,

நீ போன பிறகு உன் டிராக்டரை நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று ஏறினேன். ஏறின அன்றைக்கே உன் வீட்டு வேலியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அமுதா, புருஷனே போன பிறகு வேலி என்ன வேலி என்று விட்டுவிட்டாள் போல.

பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கும் என் மகள் கவிதா போனில் கேட்டாள்: "அப்பா, அதுல பிரேக் எங்க இருக்குன்னாவது தெரியுமா?" தெரியும் என்றேன். அன்றைக்குக் காலையில்தான் தேடிக் கண்டுபிடித்திருந்தேன்.

செம்பனைத் தோட்டத்து மேட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் நம் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கல் ரோட்டில்தான் ஓடி வரும். வெளியே போகும்போது இடது பக்கம் என் வீடு, வலது பக்கம் உன் வீடு. ஒவ்வொரு பெரிய மழைக்கும் குழி விழும். நீ டிராக்டருக்குப் பின்னால் இரும்புக் கத்தியை மாட்டி, கல்லைச் சுரண்டி நிரவுவாய். நான் ஓரத்தில் நாற்காலி போட்டு, ஒரு கோப்பை தே குடித்துக்கொண்டு, மேடு எங்கே பள்ளம் எங்கே என்று கை காட்டுவேன். அந்த உத்தியோகத்தில் எனக்கு நிகர் யாரும் இல்லை.

அந்தக் கத்தியின் இடது முனை கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். வெளியே பெரிய ரோட்டுப் பக்கம் போகும்போது இறக்குவாய். திரும்பி வரும்போது தூக்கிவிட்டு, சும்மா வருவாய். ஒருநாள் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"ஏன் மச்சான், வர்றப்பவும் இழுத்தா வேல சீக்கிரம் முடியுமே?"

"ரெண்டு பக்கமும் இழுத்தா கல்லு மிதந்துடும் மாப்பிள்ளே. உனக்கு பெல் அடிச்சா பஸ்ஸ நிறுத்தத்தான் தெரியும். தேத்தண்ணிய குடி லா."

நானும் சிரித்துக்கொண்டு குடித்தேன். பள்ளிக்கூடத்தில் பாரம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன் நான்; நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மழை வந்தால் என் ஹாலில் தண்ணீர். சேறும் செம்பனைக் காயுமாக உள்ளே வரும். உன் தங்கச்சி லெட்சுமி முட்டிவலியோடு குனிந்து துடைப்பாள். தேடித் தேடிப் பள்ளத்தில் வீடு கட்டிய ஒரே புத்திசாலி நான்தான் என்று போகிற வருகிற எல்லோரிடமும் நானே சொல்லிச் சிரிப்பேன்.

போன மாதம் ரோடு மறுபடி குழியாகிவிட்டது. நான் டிராக்டரை எடுத்தேன். எனக்குத் தெரிந்தது ரோட்டு விதி ஒன்றுதான். போகும்போது இடது ஓரம், வரும்போதும் இடது ஓரம். கத்தியைத் தூக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. முடித்துவிட்டுப் பார்த்தால், ரோட்டின் நடுவில் நீளமாக ஒரு மேடு. ரெண்டு பக்கமும் சரிவு. கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். லெட்சுமி வாசலில் நின்று, "எங்கண்ணன் போட்ட ரோட்ட ஒட்டக முதுகாட்டம் ஆக்கிட்டீங்களே" என்றாள்.

ரெண்டு நாளில் நல்ல மழை. வழக்கம்போலச் செருப்பையெல்லாம் மேசைமேல் ஏற்றிவிட்டு, தண்ணீர் தள்ளும் கட்டையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வரவே இல்லை. வெளியே போய்ப் பார்த்தால், நடுமேட்டில் பிரிந்து பாதி என் பக்கத்துச் சாக்கடையில் ஓடுகிறது. மீதிப் பாதி உன் பக்கம்.

அப்போதுதான் அமுதா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையோடு வந்தாள்.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? சாமி ரூமு வரைக்கும் தண்ணி. அவரு போறப்ப மட்டும்தானே இழுப்பாரு? வர்றப்ப தூக்கிடுவாரு. அப்பதானே தண்ணி அந்தப் பக்கமே போவும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

லெட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். "எந்தப் பக்கம் அண்ணி?"

அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். "நெசத்துல எங்க பக்கந்தான் பள்ளம், லெட்சுமி. மொத மழையிலேயே தெரிஞ்சுபோச்சு. தங்கச்சி வீட்டுக்குத் தள்ளிவிடாதீங்கன்னு நான் சொன்னேன். அவருதான், மாப்பிள்ள ஒண்ணும் சொல்லமாட்டான் விடுன்னாரு."

பிறகு என்னைப் பார்த்து, "பழைய மாதிரி இழுத்து விட்டுருங்கண்ணே. நான் ஒத்த ஆளு" என்றாள்.

லெட்சுமி என் கையிலிருந்த கட்டையை வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனாள். ரெண்டு பேரும் சேர்ந்து தண்ணீர் தள்ளினார்கள். வந்து படுத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் எனக்குக்கூட சொல்லலையே" என்றாள். அவ்வளவுதான்.

தண்ணீரை விடு, மச்சான். மழை முடிந்ததும் நீயும் ஒரு கட்டையோடு வந்து என் ஹாலில் நிற்பாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ அனுப்பிய தண்ணீரை நீயே தள்ளிவிட்டு, "உன் தலையெழுத்து மாப்பிள்ளே" என்று என் முதுகில் தட்டுவாய். அப்போது உன் கை கூசவில்லையா? உன் தங்கச்சி கொடுத்த தேத்தண்ணி எப்படி உள்ளே இறங்கியது?

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் பக்கம் கால்வாய் வெட்டியிருக்கலாமே. மண்வெட்டி பிடிக்க எனக்கு வராது; ஆனாலும் பிடித்திருப்பேன். ஒன்றும் சொல்லமாட்டான் என்று கணக்குப் போட்டாய். பள்ளிக்கூடத்திலிருந்து பழகியதில் என்னைப் பற்றி நீ தெரிந்துகொண்டது அவ்வளவுதானா?

நீ இருந்திருந்தால் நான் பேச்சை நிறுத்தியிருப்பேன். கோயில் திருவிழாவில் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போயிருப்பேன். நீ ஒருநாள் டுரியான் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பாய். நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுக் கதவைத் திறப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாய். செத்தவனோடு எப்படிப் பேசாமல் இருப்பது? இருக்கத்தான் பார்த்தேன். இதோ, உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அமுதாவைத் தண்ணீரில் விடமாட்டேன். மழை விட்டதும் உன் வீட்டோரம் தோட்டத்து வாய்க்கால் வரைக்கும் கால்வாய் வெட்டித் தருகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. ஆனால் ரோட்டைப் பழையபடி சாய்க்கமாட்டேன். பாதித் தண்ணீர் உன் வீட்டுடையது.

சமாதானத்துக்கு நீ வர முடியாது. கோபப்பட்டவனே ஒருநாள் உன் படத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியதுதான். வருவேன். இந்த வருஷம் இல்லை.

இன்னும் கோபம் ஆறாத,
உன் தங்கச்சி புருஷன்
மணியம்