இரண்டு நாள் என்றாய்

மாப்ள,

இன்று காலை தெருவில் கொசுப்புகை அடித்துவிட்டுப் போனார்கள். ஜன்னலைச் சாத்தியும் அந்த வாடை உள்ளே வந்துவிட்டது. எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வந்தது.

எண்பதுகளின் கடைசி. நீ மதுரைப் பக்கம் பரவையில் டாக்டர், நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியார். நிபுணரைப் போல யோசிக்கும் ஒரு புரோகிராம் எழுதப் புறப்பட்டோம். நோயாளியிடம் நீ கேட்பதையெல்லாம் அது கேட்கும். டெங்குவா, மூளைக்காய்ச்சலா, சாதாரணக் காய்ச்சலா என்று சொல்லும். டாக்டரே இல்லாத ஊர்களுக்கு அதைக் கொடுக்க நினைத்தோம். நீ சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"டெங்குன்னா நாலாம் நாளு, அஞ்சாம் நாளு காச்சல் விடும். வீட்ல சந்தோசப்படுவாய்ங்க. அப்பத்தான்டா ஆளைத் தூக்கும். மறக்காமப் போடு" என்றாய். போட்டேன்.

நாள் கணக்கில்தான் நம் ஜனங்கள் உன்னைப் பாடாய்ப்படுத்தினார்கள். உன் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கத்தில் படுத்த நாளிலிருந்துதான் காய்ச்சலை எண்ணுவார்கள். மேல் கொதிக்கக் கொதிக்க வேலைக்குப் போன நாட்களுக்குக் கணக்கே கிடையாது. "நடமாடுனா அது காச்சல் இல்லையாம்ல! எம்புட்டுத் திமிரு பாரு" என்று திட்டுவாய்.

அந்த ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கல்லூரிக்கு வந்தாய். முகம் வெளிறி, வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தாய். "நம்ம பெட்டி என்ன சொல்லுதுன்னு பாப்பமே" என்று சிரித்தாய்.

எத்தனை நாள் காய்ச்சல் என்று அது கேட்டது.

"ரெண்டு நாளு படுத்துக் கெடந்தேன். இன்னைக்கு விட்டுருச்சு."

இரண்டு என்று அடித்தேன். சாதாரணக் காய்ச்சல், வீட்டில் ஓய்வு போதும் என்று வந்தது. "அப்ப வாரேன் மாப்ள" என்று எழுந்து போனாய். மறுநாள் சாயங்காலம் நீ இல்லை.

பாவி, ஊரையே திட்டிய நீயும் படுத்த நாளிலிருந்துதானே எண்ணினாய்! திங்கட்கிழமை உன் கிளினிக்கில் டீ வாங்கும்போது உன் கை என் மேல் பட்டது, அனலாகச் சுட்டது. "காச்சலாடா?" என்றேன். "அட போடா, அம்புட்டுப் பேரு வெளிய காத்திருக்காய்ங்க" என்றாய். வெள்ளிக்கிழமை ஐந்தாம் நாள். எனக்குத் தெரியும் மாப்ள. ஐந்து என்று அடித்திருந்தால் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போ என்றிருக்கும். டாக்டரே சொல்கிறான், நாம் என்ன திருத்துவது என்று இருந்துவிட்டேன்.

காரியத்தன்று உன் மனைவி என்னிடம் வந்தாள். "அண்ணே, அன்னைக்கு அதுல பாத்தீகளாமே, என்ன சொல்லுச்சு?"

"கரண்ட் இல்லம்மா, பாக்க முடியல" என்றேன்.

இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.