ஒற்றைக் கோட்டை நம்பி லோடு ஏற்ற முடியாது

ஜனவரி 7, காலை 6.40. மூன்றாம் ஷெட்டில் செத்த கோழி 41. நேற்று 9.

பனி. மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. செத்ததில் கொண்டை நீலம், முகம் வீக்கம். பறவைக் காய்ச்சல் சந்தேகம். சூப்பர்வைசர் செல்வராசு பிடித்துக் கொடுத்த ஐந்து கோழிகளின் தொண்டையில் குச்சி விட்டு ரேபிட் கிட் போட்டேன். ஒற்றைக் கோடு. நெகட்டிவ்.

பண்ணைக்காரர் பழனிச்சாமி அண்ணனுக்கு முகமெல்லாம் பல். அந்த ஷெட்டின் கிழட்டுக் கோழி மொத்தமும் நாளை மறுநாள் கறிக்கு லாரி ஏறுகிறது. ஊர் ஊராக இறங்கும்.

"அப்புறமென்னங்க டாக்டர், நோவு இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"மாட்டேங்க. அந்தக் கோடு கிட் வேலை செய்யுதுன்னு மட்டுந்தான் சொல்லுது. குச்சியில வைரஸ் நிறைய இருந்தாத்தான் ரெண்டாவது கோடு உழும்."

"கம்மியா இருந்தா?"

"அப்பவும் இதே ஒத்தைக் கோடுதானுங்க."

"அப்ப என்ன எழவுக்குங்க அதை வாங்கி வெச்சிருக்கறீங்க?"

நியாயமான கேள்வி. 'இருக்கு' என்று கால் மணி நேரத்தில் சொல்லத்தான். 'இல்லை' என்று சொல்ல அதற்கு யோக்கியதை கிடையாது. சொன்னேன். காதில் ஏறவில்லை.

ஜனவரி 8. வெயில் சுள்ளென்று. இரண்டு டீ, சாப்பாடு இல்லை.

நேற்று குச்சி விட்டபோது இறகெல்லாம் ஈரம். உறுத்தியது. செல்வராசுவைக் கேட்டேன்.

"நீங்க வாரீங்கன்னு முன்வரிசைக் கூண்டு, கோழி எல்லாத்துக்கும் மருந்தடிச்சு வெச்சேனுங்க."

"பிடிச்சுக் குடுத்த கோழி?"

"நல்லதாப் பாத்துத்தானுங்க குடுத்தேன். சீக்குக் கோழியவா உங்க கையில குடுப்பாங்க?"

மரியாதையாம்! மாப்பிள்ளை அழைப்புக்குச் சோடித்த மாதிரி கோழி. குச்சியில் கிருமிநாசினிதான் வந்திருக்கும். முதலிலேயே கேட்காதது என் மடத்தனம்.

மருந்து அடிக்காத சீக்குக் கோழிகளில் மறுபடி. மறுபடியும் ஒற்றைக் கோடு.

"ரெண்டு தடவ பாஸுங்க!" அண்ணன் கைதட்டினார்.

ஷெட்டின் மறுகோடியிலும் சாவு தொடங்கிவிட்டது. இது பாஸா? ஆய்வகத்தில் பி.சி.ஆர். போட்டால் துளி இருந்தாலும் தெரியும். புதுக் குச்சிகள் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தாயிற்று.

ஜனவரி 9. விடிந்ததும் அண்ணன் போன்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. நீங்க போடலீன்னா ராசிபுரத்துல இருந்து வேற டாக்டரைக் கூட்டியாறேன். சாயங்காலம் லோடு கெளம்பீரும்."

"கூட்டியாங்க. லாரிக்கு முன்னால என் பைக் நிக்கும்."

வைத்துவிட்டார். இன்று:

1. ஐஸ் பெட்டியோடு ஆய்வகம்.
2. அங்கிருந்து நேராகக் கால்நடைத் துறை அலுவலகம். சந்தேகம் என்று என் கைப்பட எழுதிக் கொடுப்பது. இந்தப் பண்ணை டாக்டர் வேலை போனால் போகட்டும்.
3. மதியத்துக்குள் பண்ணை கேட். பைக்கைக் குறுக்கே போட்டுப் பூட்டுவது.
4. ஆய்வகமும் 'இல்லை' என்றால் அண்ணனிடம் முழுத் திட்டும் வாங்கிக்கொள்வது. மன்னிப்பு மட்டும் கேட்பதில்லை.